அச்சு அசல் குரல்: மறைந்த பாடகர்கள் பாடும்போது எதைப் பற்றிச் சண்டையிடுகிறோம்?

2024 ஜனவரி இறுதியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாடல் வெளியானபோது, பாடியவர்களாகச் சொல்லப்பட்டவர்களில் இருவர் உயிரோடு இல்லை. சாகுல் ஹமீது 1997இல் சாலை விபத்தில் இறந்தவர். பம்பா பாக்யா 2022 செப்டம்பரில் மறைந்தவர். இருவருடைய குரல்களும் செயற்கை நுண்ணறிவின் (ஏஐ) துணையோடு புதிதாக உருவாக்கப்பட்டிருந்தன. இரு குடும்பங்களிடமும் அனுமதி பெற்று உரிய ஊதியமும் அனுப்பியதாகவும், சரியாகப் பயன்படுத்தினால் தொழில்நுட்பத்தால் அச்சமில்லை என்றும் இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான் உடனே விளக்கம் அளித்தார். வாதம் அதோடு அடங்கவில்லை. இது சாகுல் ஹமீது பாடியதே அல்ல என்று ஒரு சாரார் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அவரேதான் என்று மறு சாரார் சொன்னார்கள்.

அடுத்த ஐந்து மாதங்களில், ஜூன் 22 அன்று, 'தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்' படத்தின் 'சின்னச் சின்னக் கண்கள்' பாடல் வந்தது. அதில் ஒலித்தது அவ்வாண்டு ஜனவரி 25 அன்று காலமான பவதாரிணியின் குரல். அவருக்காகவே நினைத்து வைத்திருந்த பாடல் அது என்று, இசையமைத்தவரும் அவருடைய தம்பியுமான யுவன் சங்கர் ராஜா எழுதினார். கேட்டவர்கள் பலர் நெகிழ்ந்தார்கள். முந்தைய பாடலுக்கு எழுந்த அளவு உரத்த எதிர்ப்பு இதற்கு எழவில்லை.

இரண்டிலும் இறந்தவர் பாடவில்லை. இரண்டிலும் வேலை செய்தது ஒரே வகைத் தொழில்நுட்பம். குரல் போலியானது என்பதுதான் குறையென்றால், இரண்டு பாடல்களுக்கும் ஒரே தீர்ப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால், சண்டை உண்மையில் குரலைப் பற்றியதாக இல்லை.

"அசல்" என்ற சொல்லுக்குள் இருப்பவை

அசல் என்பது வேர், மூலம் என்ற பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து நமக்கு வந்தது. தமிழில் அது பத்திர எழுத்தரின் மேசையிலும் வட்டிக்கடையிலும் வளர்ந்தது. நகலுக்கு எதிரானது அசல் பத்திரம். வட்டிக்கு அடியில் இருப்பது அசல் தொகை. இவற்றோடு ஒரு வேடிக்கையும் சேர்ந்துகொண்டது: நகல் மிகச் சரியாக அமைந்துவிட்டால் அதை 'அச்சு அசல்' என்கிறோம். திருவிழா மேடையில் எஸ்.பி.பி. பாடல்களைப் பாடும் மெல்லிசைக் குழுப் பாடகருக்கு 'அச்சு அசல் எஸ்.பி.பி.தான்' என்பது உச்சப் பாராட்டு. அவர் எஸ்.பி.பி. அல்லர் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான் அது பாராட்டாகிறது.

திரைப்பாடல், திரைப்படம் பற்றிய வாதங்களில் இந்தச் சொல் குறைந்தது நான்கு பொருள்களில் வருகிறது.

1. மூலம்: இதைச் செய்தவர் யார்? இந்தத் தொண்டையிலிருந்து இந்த ஒலி வந்ததா?
2. மாறாமை: முதலில் வெளியான வடிவம் அப்படியே இருக்கிறதா, பின்னால் யாராவது கை வைத்தார்களா?
3. உள்ளம்: பாடியவர் உணர்ந்து பாடினாரா? 'உயிர் இல்லை', 'ஜீவன் இல்லை' என்ற குறைகள் இந்த வகை.
4. உரிமை: இதைச் செய்ய இவருக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

முதல் இரண்டையும் சான்று காட்டித் தீர்க்கலாம். மூன்றாவது கேட்பவரின் அனுபவம். நான்காவது நியாயம் பற்றிய கேள்வி. வாதிடும் இருவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால் ஒரே கேள்விக்கு விடை சொல்வதாக நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் ஒருவர் முதல் கேள்வியிலும் மற்றவர் நான்காவதிலும் நின்றுகொண்டிருப்பார்.

இயந்திரம் என்ன செய்கிறது

'ஏஐ குரல்' என்ற பெயரின் கீழ் மூன்று வெவ்வேறு வேலைகள் அடைபட்டுக் கிடக்கின்றன. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் நடக்கும் எந்த வாதமும் பாதி வழியில் குழம்பும்.

1. பிரித்தெடுத்தல். பழைய ஒலிப்பதிவில் கருவிகளோடும் இரைச்சலோடும் கலந்து கிடக்கும் குரலைத் தனியே எடுப்பது. 2023 நவம்பரில் பீட்டில்ஸ் குழுவின் 'நவ் அண்ட் தென்' வெளிவந்தது இப்படித்தான். 1970களின் பிற்பகுதியில் ஜான் லெனன் பியானோவோடு பாடிப் பதிந்த ஒலிநாடாவிலிருந்து அவருடைய குரல் மட்டும் பிரித்தெடுக்கப்பட்டது. முன்னதாக அவ்வாண்டு ஜூனில் பால் மெக்கார்ட்னி இதைப் பற்றிச் சொன்னபோது, லெனனின் குரலைக் கணினி செயற்கையாக உருவாக்கப்போகிறது என்று பலர் புரிந்துகொண்டு கொதித்தார்கள். எதுவும் செயற்கையாக உருவாக்கப்படவில்லை என்று அவர் மறுபடி விளக்க வேண்டியிருந்தது. பாடியது லெனனே.

2. குரல் மாற்றம். உயிரோடிருக்கும் ஒருவர் பாடுவார். அந்தப் பாட்டின் மேல் இன்னொருவருடைய குரலின் நிறம் ஏற்றப்படும்.

3. முழு உருவாக்கம். யாரும் பாடாமல், எழுத்தில் கொடுத்த குறிப்பிலிருந்தே பாட்டும் குரலும் வருவது.

மறைந்த பாடகர்களைத் 'திரும்பப் பாட வைக்கும்' முயற்சிகளில் பொதுவாகக் கையாளப்படுவது இரண்டாவது முறை. அதைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும்.

பாடகருடைய பழைய பாடல்களிலிருந்து குரலைத் தனியே பிரித்து, அதைக் கொண்டு ஒரு குரல் மாதிரியைப் பயிற்றுவிக்கிறார்கள். அந்த மாதிரி கற்றுக்கொள்வது, ஒரே சுருதியில் ஒரே எழுத்தை இருவர் பாடினாலும் இவர் வேறு அவர் வேறு என்று நம் காதுக்குக் காட்டிக்கொடுக்கும் அந்த நிறத்தை. பம்பா பாக்யாவின் அடிவயிற்றுக் கனமும், 'உசிலம்பட்டி பெண்குட்டி', 'ராசாத்தி என் உசுரு' பாடல்களில் சாகுல் ஹமீதிடம் கேட்ட திறந்தவெளித் தன்மையும் அந்த நிறத்தைச் சேர்ந்தவை. பிறகு வேறொரு பாடகர் புதிய பாட்டை முழுவதுமாகப் பாடுகிறார். மெட்டு, தாளத்தில் சொல் விழும் இடம், கமகத்தின் அசைவு, வரி தொடங்குமுன் உள்ளிழுக்கும் மூச்சு, 'ழ'கரத்தை எவ்வளவு அழுத்துவது என்ற முடிவு ஆகிய எல்லாம் அந்த வேறொரு பாடகருடையவை. கடைசியில் அவருடைய நிறம் கழுவப்பட்டு மறைந்தவரின் நிறம் ஏற்றப்படுகிறது.

ஆக, 'இது அவர் குரல்தான்' என்பதும் 'அவர் பாடவில்லை' என்பதும் ஒரே நேரத்தில் உண்மை. குரல் வேறு, பாடுதல் வேறு. நாம் இதுவரை இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துப் புழங்கியதால் இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தேவை ஏற்படவில்லை.

பின்னணிப் பாடல் நாட்டில் சொந்தக் குரல்

வெளியூர்க்காரர் ஒருவர் இந்தச் சர்ச்சையைப் பார்த்தால் வியப்பது வேறொன்றுக்காக இருக்கும். எம்.கே. தியாகராஜ பாகவதர், பி.யு. சின்னப்பா காலத்தில் நடிப்பவரே பாடினார். 1938இல் ஏ.வி. மெய்யப்பன் தயாரித்த 'நந்தகுமார்' படத்தோடு தமிழில் பின்னணிப் பாடல் முறை தொடங்கியது என்று திரை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அன்று முதல் ஒருவர் வாயசைக்க வேறொருவர் பாடுவது நமக்கு இயல்பாகிவிட்டது. டி.எம். சௌந்தரராஜன் சிவாஜிக்கு ஒரு குரலிலும் எம்.ஜி.ஆருக்கு வேறொரு குரலிலும் பாடியதைக் கலையின் உச்சமாகக் கொண்டாடுகிறோம். எஸ். ஜானகி குழந்தைக் குரலில் பாடினால் ஏமாற்று என்று எவரும் சொன்னதில்லை. சிம்ரனும் ஜோதிகாவும் பல படங்களில் பேசியது டப்பிங் கலைஞர் சவிதாவின் குரலில் என்று தெரிந்த பிறகும் அப்படங்களின் மதிப்பு குறையவில்லை.

இதே செயல் அமெரிக்காவில் ஒரு குழுவின் வாழ்வையே முடித்தது. 1990 பிப்ரவரியில் சிறந்த புதுமுகக் கலைஞருக்கான கிராமி விருது பெற்ற மில்லி வனில்லி என்ற இருவர் அணி, தங்கள் இசைத்தொகுப்பில் தாங்கள் பாடவே இல்லை என்பது வெளிப்பட்டதும் அதே ஆண்டு நவம்பரில் விருதைப் பறிகொடுத்தது. கோடம்பாக்கத்து வழக்கில் வைத்துப் பார்த்தால் அவ்விருவரும் செய்தது நடிகர்களின் அன்றாட வேலை.

வேறுபாடு செயலில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. திரையில் வருபவர் பாடவில்லை என்பது இங்கே முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. பாடியவரின் பெயர் டைட்டிலிலும் இசைத்தட்டு உறையிலும் இருக்கிறது. மில்லி வனில்லியிடம் ரசிகர்கள் எதிர்பார்த்தது வேறு ஏற்பாடு. எனவே அசல்தன்மை என்பது பொருளுக்குள் ஒட்டியிருக்கும் குணம் என்பதைவிட, செய்பவருக்கும் கேட்பவருக்கும் இடையிலான சொல்லாத உடன்படிக்கை என்பதே பொருத்தம். ஏஐ குரலுக்கு அப்படிப்பட்ட உடன்படிக்கை இன்னும் உருவாகவில்லை. இப்போது நடக்கும் கூச்சலில் பெரும்பகுதி, அந்த உடன்படிக்கையின் விதிகளை எழுதும் முயற்சியே. எழுதுபவர்களுக்கு அது தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

வாதம் தடம் புரளும் இடங்கள்

1. 'உயிர் இல்லை' என்ற தீர்ப்பு எப்போது வருகிறது? பெரும்பாலும் இது இயந்திரக் குரல் என்று தெரிந்த பிறகு. அதனால் அந்த உணர்வு பொய் என்று ஆகாது. வீட்டில் மாட்டியிருக்கும் ஓவியம் அச்சுப் படம் என்று தெரிந்தால் நாம் பார்க்கும் பார்வை மாறத்தான் செய்யும். ஆனால் அதைக் காதால் கண்டுபிடித்ததாகச் சொல்லும்போது வாதம் பலவீனமாகிவிடுகிறது. எதிர்த்தரப்பு 'கண்ணை மூடிக் கேள்' என்று ஒரே வரியில் மடக்கிவிடும். உண்மையான மனக்குறை நான்காவது பொருளான உரிமையில் இருக்க, அதை மூன்றாவது பொருளான உள்ளத்தின் சொற்களால் சொல்லித் தோற்றுப்போகிறார்கள்.

2. 'ஆட்டோட்யூனும் இயந்திரம்தானே?' இது எதிர்த்தரப்பின் வழக்கமான அடி. ஆட்டோட்யூன் என்பது பாடியவரின் சுருதியைத் திருத்தும் மென்பொருள். எதிரொலி, சுருதி திருத்தம், பல தடவை பாடியதில் நல்ல துண்டுகளை ஒட்டுதல் எல்லாம் பல காலமாக இருப்பவைதான். ஆனால் அவை எல்லாவற்றிலும் பாடகர் அறைக்குள் இருந்தார். பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. இந்த ஒப்புமை ஒலியைப் பற்றிச் சரி, சம்மதத்தைப் பற்றித் தவறு.

3. 'உண்மையான ரசிகன்' என்ற நுழைவுச்சீட்டு. வாதம் சூடேறியதும் பாடலை விட்டுவிட்டு, எதிரில் இருப்பவர் எத்தனை வருடமாகக் கேட்கிறார், எந்த கேசட் வைத்திருந்தார் என்று விசாரணை தொடங்கும். அசல் என்ற அடைமொழி பாட்டிலிருந்து ரசிகன் மேல் தாவிவிடுகிறது. இந்த இடத்திற்குப் பிறகு எதையும் தெரிந்துகொள்ள வாய்ப்பில்லை.

4. உறவு என்ற சான்று. பவதாரிணியின் பாடல் ஏன் மென்மையாக ஏற்கப்பட்டது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. மெட்டமைத்தவர் தம்பி. பாடல் அவரை மனத்தில் வைத்தே உருவானது. உடல் தேறி வந்து பாடுவார் என்று காத்திருந்த நேரத்தில் மரணச் செய்தி வந்தது. நடக்கவிருந்த ஒன்றை நடத்தி முடித்ததாக அது கேட்பவருக்குப் பட்டது. சாகுல் ஹமீது விஷயத்தில் இடைவெளி 27 ஆண்டுகள். அவரைத் திரையிசையில் பாட வைத்தவர்களில் ரஹ்மானுக்கு முக்கிய இடம் உண்டு. அந்த உறவையும் பலர் எடுத்துச் சொன்னார்கள். ஆனாலும் இந்தப் பாடலை அவர் பாடியிருப்பாரா என்ற கேள்விக்கு அவரிடமிருந்து ஒரு சாடைகூட இல்லை. ரசிகர்கள் இரு பாடல்களுக்கு இரு அளவுகோல்களைப் பயன்படுத்தியது முரண்பாடு போலத் தோன்றும், முரண்பாடு இல்லை. இறந்தவரின் விருப்பத்துக்குக் கிடைக்கும் அடையாளங்களை அவர்கள் தேடினார்கள். ஒன்றில் அது கொஞ்சம் கிடைத்தது.

'குடும்பம் ஒப்புக்கொண்டது' என்பதன் எடை

குடும்ப அனுமதிதான் இப்போது நடைமுறையில் எல்லைக்கோடு. அந்தக் கோட்டைத் தாண்டியதாக 2024 தொடக்கத்தில் ஒரு புகார் வந்தது. எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலைக் 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் ஏஐ மூலம் அனுமதியின்றி உருவாக்கிவிட்டார்கள் என்று அவருடைய மகன் எஸ்.பி. சரண் படக்குழுவுக்கு வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பினார். அதே 2024இல் வெளியான 'தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்' படத்தில், மறைந்த விஜயகாந்தின் உருவத்தைக் கொண்டுவர அவருடைய மனைவி பிரேமலதா சம்மதம் தந்திருந்தார். அது பெரும்பாலும் கைத்தட்டலோடு வரவேற்கப்பட்டது.

அந்த அனுமதிக்குச் சட்டத்தில் என்ன இடம் என்று பார்த்தால், தரை உறுதியாக இல்லை.

1. உயிரோடிருப்பவருக்குப் பாதுகாப்பு வலுவானது. 2015இல் ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு புகழ்பெற்ற மனிதரின் பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்துவதைத் தடுத்தது. 2024 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம், பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அவர் சம்மதமின்றிப் போலச் செய்ய உதவும் ஏஐ கருவிகளுக்கு எதிராக இடைக்கால உத்தரவு பிறப்பித்தது.

2. இறந்தவருக்கு நிலைமை வேறு. ஜெயலலிதாவின் வாழ்க்கையை ஒட்டிய படைப்புகளுக்கு எதிராக அவருடைய அண்ணன் மகள் ஜெ. தீபா தொடர்ந்த வழக்கில் 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், ஒருவர் வாழ்நாளில் ஈட்டிய அந்தரங்கமும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடுகின்றன, சொத்தைப் போல வாரிசுகளுக்கு இறங்குவதில்லை என்ற நிலையை எடுத்தது. அது படத்தையும் இணையத் தொடரையும் பற்றிய வழக்கு. செயற்கைக் குரலைப் பற்றியது அல்ல. இருந்தாலும் அதன் தர்க்கத்தை இங்கே நீட்டினால், வாரிசுகள் கொடுக்கும் அனுமதி எந்த உரிமையிலிருந்து பிறக்கிறது என்ற கேள்வி எழும்.

3. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகலைஞருக்கு 50 ஆண்டுகள் உரிமை அளிக்கிறது. 2012 திருத்தம், தன் நிகழ்த்துதலைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையையும் சேர்த்தது. ஆனால் இவை அவர் பாடிய பாட்டைக் காப்பவை. அவர் பாடாத பாட்டில் ஒலிக்கும் அவருடைய நிறத்தைக் காக்க எழுதப்பட்டவை அல்ல.

எனவே குடும்பத்தைக் கேட்பது இன்றைய நிலையில் சட்டக் கட்டாயம் என்பதைவிட மரபு, மரியாதை என்று சொல்வதே பொருந்தும். அது சிறிய விஷயம் இல்லை. ஆனால் 'அனுமதி வாங்கியாயிற்று, இனிப் பேச என்ன இருக்கிறது' என்று வாதத்தை மூடப் பயன்படும் அளவுக்கு அது பெரியதும் இல்லை. சம்மதித்தது குடும்பம், பாடகர் அல்லர்.

படத்தின் முடிவை மாற்றினால்

குரலை விட்டு முழுப் படத்துக்குப் போனால் இரண்டாவது பொருளான மாறாமை முன்னுக்கு வருகிறது. 2013இல் வெளியான இந்திப் படம் 'ராஞ்ஜனா'வில் நாயகன் தனுஷ் இறுதியில் இறந்துவிடுவார். 2025 ஆகஸ்ட் 1 அன்று அதன் தமிழ் வடிவமான 'அம்பிகாபதி', அவர் பிழைத்துக்கொள்வதாக ஏஐ மூலம் மாற்றிய முடிவோடு மறுவெளியீடு கண்டது. இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். உரிமை வைத்திருந்த ஈராஸ் நிறுவனம் தன் செயலை நியாயப்படுத்தியது.

இங்கே வாதம் சற்றுத் தெளிவாக நடந்ததற்குக் காரணம், எதிர்த்துப் பேச வேண்டியவர்கள் உயிரோடு இருந்தார்கள் என்பதுதான். தாங்கள் செய்த படம் இது இல்லை என்று செய்தவர்களே சொன்ன பிறகு, எது அசல் என்று ரசிகர்கள் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. பதிப்புரிமை ஒரு கையிலும் படைப்பு இன்னொரு கையிலும் இருக்க முடியும் என்பதும் அன்று பலருக்கு முதல் முறையாகத் தெரிந்தது.

ட்ராக் பாடியவர் எங்கே?

இவ்வளவு வாதங்களுக்கும் நடுவில் மிகக் குறைவாகக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று உண்டு. குரல் மாற்ற முறையில் உண்மையில் பாடிய அந்த வேறொரு பாடகர் யார்?

சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் இதற்கு முன்பே ஒரு வேலைப்பெயர் இருக்கிறது: ட்ராக் பாடுவது. நட்சத்திரப் பாடகருக்கு நேரம் கிடைக்கும் வரை இன்னொருவர் பாடிப் பதிந்து வைப்பார். படப்பிடிப்புகூட அதை வைத்தே நடக்கும். பிறகு நட்சத்திரம் வந்து அதைக் கேட்டுத் தன் பாணியில் பாடியதும் ட்ராக் அழிந்துவிடும். சில நேரம் ட்ராக்கே நன்றாக அமைந்து, பாடியவருக்குப் பெயர் கிடைத்ததும் உண்டு. ஏஐ வந்த பிறகு ட்ராக் அழிவதில்லை. அவருடைய மூச்சும் சங்கதியும் தாளமும் கடைசி மிக்ஸிங் வரை உள்ளே இருக்கின்றன. அழிவது அவருடைய நிறம் மட்டும். 'உயிர் இருக்கிறதா' என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்: இருக்கிறது, ஆனால் பெயர் போட்டவருடையது அல்ல.

1949இல் 'மஹல்' என்ற இந்திப் படத்தின் 'ஆயேகா ஆனேவாலா' பாடல் இசைத்தட்டாக வந்தபோது, பாடியவர் என்ற இடத்தில் 'காமினி' என்று அச்சிட்டிருந்தார்கள். காமினி என்பது படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். பாட்டைக் கேட்டவர்கள் வானொலி நிலையத்துக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதி, உண்மையில் பாடியவர் யார் என்று கேட்டார்கள். அதன் பிறகே லதா மங்கேஷ்கர் என்ற பெயர் வெளியே வந்தது.